விளையாட்டும் வினையும்

விளையாடும்போது செய்கின்ற செயலுக்கு மனிதன் கணக்குக் கொடுக்க வேண்டுமா? எவருக்கும் உண்மையில் தீங்கு நேராத ஓரிடத்தில், திரையில் ஓடும் உருவங்களுக்கு நடுவே, ஒருவன் மற்றவனை இடித்துத் தள்ளி வெற்றி பெறுகிறான் என்றால், அங்கே அறநெறிக்கு என்ன வேலை? இது இறையியல் வகுப்பறைகளில் மட்டும் எழும் கேள்வியன்று. பள்ளி விட்டு வந்ததும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னோ, கைப்பேசியின் முன்னோ அமர்ந்து கார்ப் பந்தயம் ஓட்டும் பிள்ளைகளைக் கண்டு, "ஃபாதர், இது பாவமா?" என்று பெற்றோர் நம்மிடம் கேட்கின்றனர். நமது போளூரில் தறியின் ஓசைக்கு ஊடாக இன்று அந்தப் பந்தயக் கார்களின் உறுமலும் கேட்கிறது.

இக்கேள்விக்கு இரண்டு சுலபமான விடைகள் உண்டு. 'வெறும் விளையாட்டுத்தானே, விடுங்கள்' என்பது ஒன்று. 'அது சாத்தானின் கருவி, உடைத்துப் போடுங்கள்' என்பது மற்றொன்று. இரண்டும் சிந்திக்கும் சுமையிலிருந்து நம்மை விடுவிக்கின்றன. ஆகவே இரண்டுமே ஐயத்துக்குரியவை. நம் முன்னோர் 'விளையாட்டு வினையாகும்' என்று சொல்லி வைத்தனர். எல்லா விளையாட்டும் வினை என்று அவர்கள் சொல்லவில்லை. எந்த இடத்தில், எந்த வழியாக விளையாட்டு வினையாக மாறுகிறது என்று கண்டறிவதே நமது கடமை. அதற்கு உண்மையாக நிகழ்ந்த ஒரு செய்தியிலிருந்து தொடங்குவோம்.

மார்ட்டின்ஸ்வில் மதிற்சுவர்

அமெரிக்க நாட்டில் 1948ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட நாஸ்கார் என்னும் அமைப்பு, 'ஸ்டாக் கார்' எனப்படும் கார்களுக்குப் பந்தயம் நடத்தி வருகிறது. கடையில் விற்கும் சாதாரணக் கார்களின் உருவத்தில் அமைந்த வலிமைமிக்க கார்கள் இவை. முட்டை வடிவப் பாதையில், ஒன்றையொன்று உரசிக்கொண்டு, நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடும். அப்பாதைகளுள் மிகச் சிறியவற்றில் ஒன்று வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் பாதை. ஒரு சுற்று அரை மைலைச் சற்றே தாண்டும். இந்த ஊரின் பெயர் தமிழருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. கோயம்புத்தூரில் வளர்ந்தவரும், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியருமான நரேன் கார்த்திகேயன், 2010ஆம் ஆண்டு நாஸ்காரின் டிரக் பந்தயத் தொடரில் முதன்முதலாக ஓட்டியது இந்த மார்ட்டின்ஸ்வில் பாதையில்தான். அவ்வாண்டு அத்தொடரின் இரசிகர்கள் தங்கள் மனங்கவர்ந்த ஓட்டுநராக அவரையே தேர்ந்தெடுத்தனர்.

அதே பாதையில் 2022 அக்டோபர் 30 அன்று ஒரு விந்தை நிகழ்ந்தது. ராஸ் சாஸ்டெயின் என்னும் ஓட்டுநர், புளோரிடாவில் தலைமுறை தலைமுறையாகத் தர்ப்பூசணி பயிரிடும் உழவர் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆண்டின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற அவருக்கு இன்னும் இரண்டு புள்ளிகள் தேவை. கடைசிச் சுற்று, அவர் இருந்ததோ பத்தாவது இடம். முறைப்படி ஓட்டினால் முன்னே செல்பவரைப் பிடிக்க வழியில்லை. வளைவு நெருங்கியபோது எல்லா ஓட்டுநரும் வேகத்தைக் குறைத்தனர். சாஸ்டெயின் மட்டும் குறைக்கவில்லை. காரை வெளிப்புற மதிற்சுவரின் மீது சாய்த்து, ஸ்டியரிங்கைக் கைவிட்டு, முழு வேகத்தில் சுவரோடு உரசியபடியே வளைவு முழுவதையும் கடந்தார். ஐந்து கார்களைத் தாண்டினார், தகுதியும் பெற்றார். அந்தச் சுற்றை முடிக்க அவருக்கு 19 நொடிகூட ஆகவில்லை. அப்பாதையில் ஸ்டாக் கார் எதுவும் அதற்குமுன் அவ்வளவு விரைவாகச் சுற்றி வந்ததில்லை.

எங்கே கற்றீர் என்று கேட்டபோது அவர் சொன்ன விடைதான் நமது கவனத்துக்குரியது. சிறுவயதில் தம் தம்பியோடு சேர்ந்து, 'நாஸ்கார் 2005' என்ற வீடியோ விளையாட்டை நின்டென்டோ நிறுவனத்தின் கேம்கியூப் கருவியில் விளையாடியபோது இப்படிச் சுவரோடு ஓட்டியதாக அவர் கூறினார். திரையில் பலித்தது மெய்யாகவும் பலிக்குமா என்று அந்த ஒரு கணத்தில் அவர் பரிசோதித்துப் பார்த்தார். பலித்துவிட்டது. உலகமெங்கும் அந்தக் காட்சியைக் கண்டவர்கள் கைதட்டினர்.

ஆனால், சக ஓட்டுநர்கள் பலர் கவலையுற்றனர். அடுத்த முறை பத்துப் பேர் இதையே செய்தால் என்ன ஆகும்? கார் சுவரிலிருந்து சிதறி மற்றவர்மீது பாய்ந்தால்? வேலியைத் தாண்டிப் பார்வையாளர்மீது விழுந்தால்? 2023 சனவரியில் நாஸ்கார் அமைப்பு, முன்னரே உள்ள பாதுகாப்பு விதியின்கீழ் இத்தகைய ஓட்டம் இனித் தண்டிக்கப்படும் என்று அறிவித்தது. 2024 நவம்பரில் அதே பாதையின் கடைசிச் சுற்றில் கிறிஸ்டோபர் பெல் என்பவர் சுவரை ஒட்டி ஓட்டியபோது அவர் தண்டிக்கப்பட்டார். இறுதிப் போட்டிக்கான இடத்தையும் இழந்தார். அந்த இடம் வில்லியம் பைரன் என்பவருக்குச் சென்றது. இந்தப் பைரனைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

விளையாட்டுக் கருவியில் சுவருக்கு எடையில்லை. அங்கே சுவர் என்பது வண்ணம் தீட்டப்பட்ட ஒரு கணக்கு. மெய்யான சுவர் அப்படிப்பட்டதன்று. 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில், அத்துறையின் பெருவீரர் டேல் எர்ன்ஹார்ட் அத்தகையதொரு சுவரில் மோதி உயிரிழந்தார். அதன் பின்னரே கழுத்தையும் தலையையும் தாங்கும் கவசம் அப்பந்தயங்களில் கட்டாயமாக்கப்பட்டது. சாஸ்டெயின் பிழைத்ததற்கு, அவருக்கு முன்னே இறந்தவர்களிடமிருந்து கற்ற பாடங்களும் காரணம் என்பதை நாம் மறக்கலாகாது.

திருச்சபையின் தந்தையர் சொன்னவை

பந்தயங்களைக் குறித்துத் திருச்சபை நெடுங்காலமாகச் சிந்தித்து வந்திருக்கிறது. கி.பி. 200ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த தெர்த்துல்லியன், தேர்ப் பந்தயம் முதலிய காட்சிகளுக்குக் கிறிஸ்தவர் செல்லலாகாது என்று தனி நூலே எழுதினார். தேரோட்டத்தின் வெறியில் கோவிலை மறந்த மக்களைக் கான்ஸ்டான்டிநோபிள் நகரில் புனித யோவான் கிறிசோஸ்தோம் கண்ணீரோடு கடிந்துகொண்டார். புனித அகுஸ்தினார் தமது தன்வரலாற்றில், நண்பர் அலிப்பியுவைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். வாள்வீரர் மோதும் காட்சியை வெறுத்த அந்த இளைஞர், நண்பர்கள் வற்புறுத்தியதால் அரங்குக்குச் சென்றபோதும் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் பேரொலி எழுந்தது. என்னவென்று அறியக் கண்ணைத் திறந்தார். அந்த ஒரு பார்வையிலேயே அடிமையானார். கண்ணை மூடியவர் காதை மூடவில்லை.

இவற்றை மட்டும் படித்தால் திருச்சபை விளையாட்டுக்கே பகை என்று தோன்றும். ஆனால் புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில், விளையாடுவதிலும் ஒரு நற்பண்பு உண்டா என்ற கேள்வியை எழுப்பி, 'உண்டு' என்று விடையளிக்கிறார். அங்கே அவர் எடுத்துக்காட்டும் பழங்கதை இனிமையானது. நற்செய்தியாளர் யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டனராம். அவர்களுள் ஒருவன் கையில் வில் இருந்தது. அம்பு எய்யுமாறு அவனிடம் கேட்டார் யோவான். அவன் பலமுறை எய்தான். இடைவிடாமல் எய்துகொண்டே இருக்க இயலுமா என்று வினவினார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். இடைவிடாத இறுக்கத்தில் மனமும் அவ்வாறே முறிந்துபோகும் என்று யோவான் விளக்கினாராம்.

உடலுக்கு உறக்கம் போன்றது உள்ளத்துக்கு விளையாட்டு. ஆகவே, விளையாடுபவன் நேரத்தை வீணாக்குகிறான் என்று எடுத்த எடுப்பில் தீர்ப்பிடுவது கத்தோலிக்க மரபன்று. எனினும் அக்குவினாஸ் மூன்று எல்லைகளை வரைகிறார். இழிவானதிலோ தீங்கானதிலோ இன்பம் தேடலாகாது. மனத்தின் சமநிலையை முற்றிலும் இழக்கலாகாது. ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் விளையாட்டு பொருந்த வேண்டும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வரைந்த இந்த மூன்று எல்லைகளும் இன்றைய வீடியோ விளையாட்டுக்கும் போதுமானவை என்பது நமது துணிபு.

மனத்தில் நிகழ்வது செயலா?

முதல் எல்லையை எடுத்துக்கொள்வோம். திரையில் பிறர் காரை இடித்துக் கவிழ்ப்பவன் தீங்கில் இன்பம் காண்கிறானா? பழைய அறநெறி இறையியலில், தீய எண்ணத்தை விரட்டாமல் மனத்தில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருப்பதையும் பாவம் என்று கற்பித்தனர். உள்ளத்தில் எழும் இச்சையையும் சினத்தையும் குறித்து மலைப்பொழிவில் ஆண்டவர் இயேசு கூறியவற்றிலிருந்து வந்த போதனை இது. எனவே 'கையால் செய்யவில்லை' என்ற ஒன்றே நம்மை விடுவித்துவிடாது.

ஆயினும் இந்தப் போதனையை அளவறிந்து கையாள வேண்டும். சதுரங்கத்தில் எதிரியின் அரசனை வீழ்த்தும் சிறுவன் கொலையை விரும்புகிறவன் அல்லன். சடுகுடு ஆட்டத்தில் எதிரியை மடக்கிப் பிடிப்பவன் அடிதடியை விரும்புகிறவன் அல்லன். விளையாட்டுக்குள் ஒரு செயலுக்கு உள்ள பொருள் வேறு. வெளியே அதே செயலுக்கு உள்ள பொருள் வேறு. திரையில் காரை மோதவிட்டுச் சிரிக்கும் பத்து வயதுப் பிள்ளையைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு இழுத்து வரும் பெற்றோர், அப்பிள்ளைக்குப் பாவத்தைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் தவறான கருத்தையே புகட்டுகின்றனர். மற்றொரு புறம், மனிதரைத் துன்புறுத்துவதையே சுவையாகக் காட்டும் விளையாட்டுகளும் உண்டு. கேளிக்கை என்ற பெயரில் வன்முறையைப் போற்றுவது அருவருக்கத்தக்கது என்ற கருத்தைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் வலியுறுத்தினார். கார்ப் பந்தய விளையாட்டு அந்த வகையைச் சேர்ந்ததன்று.

அப்படியானால் கேள்வி தீர்ந்துவிட்டதா? இல்லை. அக்குவினாஸ் கற்பிக்கும் மற்றோர் உண்மை எஞ்சி நிற்கிறது: திரும்பத் திரும்பச் செய்யும் செயல் மனிதனுக்குள் பழக்கமாகப் படிகிறது, பழக்கம் அவனது இரண்டாம் இயல்பாகிறது. நெசவாளர் வீட்டில் பிறந்த பிள்ளைக்குக் கையும் காலும் தறியின் தாளத்தை அறிந்திருப்பது இதனால்தான். யோசிக்க நேரமில்லாத கணத்தில் மனிதனைச் செலுத்துவது அவனது பழக்கமே. மார்ட்டின்ஸ்வில் வளைவில் சாஸ்டெயினுக்கு ஆலோசித்துப் பார்க்க எத்தனை நொடி இருந்தது? சிறுவயதில் திரையில் பழகியது அங்கே தானாக எழுந்து வந்தது. ஆகவே, 'இந்த விளையாட்டில் பாவம் உண்டா?' என்பதைவிட, 'இந்த விளையாட்டு என்னை எதற்குப் பழக்குகிறது?' என்று கேட்பதே சரியான கேள்வி.

ஒரே கருவி, இரு பயிற்சிகள்

இப்போது வில்லியம் பைரனுக்கு வருவோம். இவர் பந்தயக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். வீட்டுக் கணினியில் 'ஐரேசிங்' என்னும் பந்தயப் பாவனை விளையாட்டில் ஓட்டிக் கற்றவர். ஏறத்தாழ 15 வயதில்தான் மெய்யான பந்தயக் காரில் ஏறினார். அவரே 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் டேடோனா 500 என்னும் பெரும் பந்தயத்தில் வென்றார். 'ஐரேசிங்' நிறுவனமே உருவாக்கிய 'நாஸ்கார் 25' என்ற விளையாட்டு 2025 அக்டோபரில் பிளேஸ்டேஷன் முதலிய வீட்டுக் கருவிகளுக்கும் வந்திருக்கிறது.

கணினியில் ஓடும் அந்த 'ஐரேசிங்' விளையாட்டில் ஒரு விதி நமக்குச் சிந்தனை விருந்தாகிறது. அங்கே பாதையை விட்டு விலகினாலும், பிறர் காரை மோதினாலும் ஓட்டுநரின் கணக்கில் குறைப்புள்ளி ஏறும். குறைப்புள்ளி மிகுந்தால் அவரது உரிமத்தின் தகுதி இறங்கும். கவனமாக ஓட்டியவர்க்கே மேல்நிலைப் பந்தயங்களில் இடம். இரண்டு கார்கள் மோதினால், குற்றம் யாருடையது என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. இருவருக்கும் குறைப்புள்ளி விழும். 'அவன்தான் வந்து இடித்தான்' என்று வாதிட இடமில்லை. முதலில் இது அநீதியாகத் தோன்றும். ஆனால் நாளடைவில் ஓட்டுபவன், தன் உரிமையை நிலைநாட்டுவதைவிட மோதலைத் தவிர்ப்பதே அறிவு என்று கற்றுக்கொள்கிறான். அடுத்தவன் தவறிழைக்கக்கூடும் என்று எதிர்பார்த்து இடம் விடுகிறான். நமது குடும்பச் சண்டைகளிலும் வாய்க்கால் வரப்புத் தகராறுகளிலும் இந்தப் பாடத்தைக் கற்றவர் எத்தனை பேர்?

ஆக, ஒரே வகைக் கருவி ஒருவருக்குச் சுவரை மறக்கவும் மற்றொருவருக்குச் சுவரை மதிக்கவும் பயிற்சி அளித்திருக்கிறது. கருவியைப் பழிப்பதோ புகழ்வதோ பயனற்றது. விதியையும், விளையாடும் விதத்தையும், உடனிருந்து வழிநடத்துவோரையும் பார்க்க வேண்டும்.

திரைக்கு அப்பால் இருப்பவன் அயலான்

விளையாட்டுக்குள்ளும் ஒன்று மட்டும் எப்போதும் மெய்யானது. அது சொல். 2020ஆம் ஆண்டு கொரோனாக் கொள்ளைநோயால் பந்தயங்கள் நின்றுபோயிருந்த ஏப்ரல் மாதத்தில், ஓட்டுநர்கள் வீட்டிலிருந்தபடியே இணையவழி 'ஐரேசிங்' பந்தயத்தில் கலந்துகொண்டனர். அப்போது கைல் லார்சன் என்னும் முன்னணி ஓட்டுநர் ஒலிவாங்கியில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்றை உச்சரித்தார். எல்லாருடைய காதிலும் அது விழுந்தது. கார் பொய், பாதை பொய், பந்தயம் பொய், ஆனால் அந்தச் சொல் பொய்யன்று. நாஸ்கார் அவரை இடைநீக்கம் செய்தது. அவரது அணி அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவரது தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் சப்பானிய வம்சத்தினர் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் முகாமில் அடைக்கப்பட்டவர்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் வந்தவர் வாயிலிருந்தே அச்சொல் வந்தது.

அவர் மன்னிப்புக் கோரினார். தாம் காயப்படுத்திய மக்களிடமிருந்து கற்க முற்பட்டார். அவ்வாண்டு இறுதிக்குள் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டார். 2021இல் வாகையர் பட்டமும் வென்றார். மனம் திரும்புவோர்க்கு வாயில் திறந்திருக்க வேண்டும் என்பது நமது நம்பிக்கையும் ஆகும்.

நமது பிள்ளைகளும் இன்று கைப்பேசியில், முன்பின் அறியாதவரோடு குரல்வழி பேசிக்கொண்டே விளையாடுகின்றனர். அங்கே தோற்றவனைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும், தாயைப் பழிப்பதும், கறுத்தவன் என்று நகைப்பதும் நிகழ்கின்றன. 'கேம்ல பேசறதுதானே' என்கின்றனர். அந்தச் சொற்களை அவர்கள் கருவியிலிருந்து கற்கவில்லை; நமது திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும், சொல்ல வெட்கமாக இருந்தாலும், நமது கோவில் வளாகங்களிலும் கற்றனர். நல்ல சமாரியர் உவமையில் 'எனக்கு அடுத்திருப்பவர் யார்?' என்று கேட்ட சட்ட அறிஞருக்கு ஆண்டவர் காட்டியது சாலையோரத்தில் கிடந்த ஒரு முகத்தை. திரையில் முகம் தெரிவதில்லை. முகம் தெரியாத அயலானும் அயலானே.

சாலையில் 'மறுபடியும்' இல்லை

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம். விளையாட்டில் எத்தனை முறை மோதினாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் பந்தயம் மறுபடியும் தொடங்கும். சில விளையாட்டுகளில் விபத்துக்குச் சில நொடிகள் முன்னே திரும்பிச் செல்லவும் வசதி உண்டு. கடவுள் படைத்த காலத்துக்கு இந்த வசதி இல்லை. பட்டுத் தறியில் பாவின் ஓர் இழை அறுந்தால், நெசவாளர் தறியை நிறுத்துகிறார். அறுந்த முனையைத் தேடி எடுத்து, விரலால் முடிச்சிட்டுப் பிணைக்கிறார். அறுந்தது அறுந்ததே; முடிச்சுத்தான் போடலாம். ஆனால் சில இழைகளுக்கு முடிச்சும் இல்லை.

2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 17,884 பேர் இறந்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர். அவ்வாண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்த 1,68,491 பேருள் பத்தில் ஏழு பேர் மிகுவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இறந்தவருள் இருசக்கர வாகனத்தில் சென்றோரே மிகுதி. 2023 ஆகஸ்டு மாதத்தில், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில், பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து இறந்தான். பயிற்சியும் கவசமும் மருத்துவ ஏற்பாடும் உள்ள இடத்திலேயே அந்த நிலை என்றால், வேலூர்–திருவண்ணாமலை நெடுஞ்சாலையில், லாரிகளுக்கும் கரும்பு வண்டிகளுக்கும் நடுவே, தலைக்கவசமின்றி மூவராகப் பறக்கும் நமது பிள்ளைகளின் நிலை என்ன? சவ்வாது மலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவரையொருவர் முந்தும் இளைஞர்களின் நிலை என்ன? இளைஞர்களின் அடக்கத் திருப்பலியில் அந்தத் தாய்மார்களின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க நம்மால் இயலுவதில்லை.

இங்கே நேர்மையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த மரணங்களின் பழியை வீடியோ விளையாட்டின்மீது சுமத்துவது எளிது. ஆனால் அது நியாயமன்று. சாலையில் மடியும் நமது இளைஞர்களுள் பெரும்பாலோர் பந்தய விளையாட்டுக் கருவியைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள். திரையில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும் சிறுவன் வீதியில் சைக்கிளை ஒழுங்காக ஓட்டுவதையும் காண்கிறோம். திரை வேறு, தெரு வேறு என்ற வேறுபாட்டை அறியும் ஆற்றல் பிள்ளைகளுக்கு உண்டு, அந்த வேறுபாட்டை யாராவது அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தால். காட்ட வேண்டியவர்கள் நாமே. நாமோ மகனைப் பெட்ரோல் டாங்கின்மேல் அமர்த்தி, மனைவியையும் மகளையும் பின்னே அமர்த்தி, தலைக்கவசமின்றி ஞாயிறு திருப்பலிக்கு வருகிறோம். செபமாலை வண்டியின் கைப்பிடியில் தொங்குகிறது. தலைக்கவசம் வீட்டு ஆணியில் தொங்குகிறது. பதினெட்டு நிரம்பாத மகன் கேட்டான் என்பதற்காக, பட்டுக்கு நெய்த கூலியை முன்பணமாகக் கட்டித் தவணையில் வேகவண்டி வாங்கித் தருகிறோம். 'ஓட்டட்டும், ஆம்பளப் புள்ள' என்கிறோம்.

கோவிலின் உச்சியில் நின்று கீழே குதிக்குமாறு அலகை தூண்டியபோது, வானதூதர் தாங்குவர் என்ற வாக்குறுதியைக் காட்டியே தூண்டியது. ஆண்டவரோ அதைக் கடவுளைச் சோதிக்கும் செயல் என்று மறுத்தார். தேவையின்றி உயிரை இடரில் வைத்துவிட்டு, 'மாதா பார்த்துக்கொள்வாள்' என்பது பக்தியன்று; அது கோவில் உச்சியிலிருந்து குதிப்பதே. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைத் தெளிவாகக் கூறுகிறது. குடிபோதையாலோ, அளவுமீறிய வேக ஆசையாலோ தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் இடர் விளைவிப்போர் கனமான குற்றத்துக்கு உள்ளாகின்றனர் என்பது அதன் 2290ஆம் எண்ணில் உள்ள போதனை. 2007 சூன் மாதத்தில் வத்திக்கானின் திருப்பீட அவையொன்று சாலைப் பயணிகளின் மேய்ப்புப் பணி குறித்து வழிகாட்டி வெளியிட்டு, வாகன ஓட்டிகளுக்கென்றே பத்துக் கட்டளைகளையும் வகுத்தளித்தது. நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் மூன்றாண்டு வரையிலான சிறைக்கும் உள்ளாகலாம். 'பிள்ளைதான் ஓட்டினான்' என்று பெற்றோர் ஒதுங்கிக்கொள்ள மனிதரின் சட்டமே இடம் தரவில்லை. இறைச்சட்டம் எங்ஙனம் இடம் தரும்?

வாரத்தில் ஒரு மணி நேரம்

2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட கார்லோ அக்கூட்டிஸை வாசகர் அறிவர். 1991இல் பிறந்து, 2006 அக்டோபரில் தமது 15ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த அந்த இத்தாலியச் சிறுவன், கணினியில் தேர்ந்தவன். நற்கருணைப் புதுமைகளை இணையத்தில் தொகுத்தவன். அவனிடமும் பிளேஸ்டேஷன் இருந்தது. அவன் அதை உடைத்துப் போடவில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொண்டான். பிள்ளைக்குப் பிறர் விதிக்கும் தடை அவர்கள் கண் மறைந்ததும் மறைந்துவிடும். தானே வகுத்த எல்லைதான் தன்னடக்கம் என்னும் பண்பாகிறது. பந்தயத்தில் ஓடுவோரைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய திருத்தூதர் பவுல், அவர்களின் வேகத்தை அல்ல, அவர்கள் கடைப்பிடிக்கும் தன்னடக்கத்தையே எடுத்துக்காட்டினார் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

ஆதலால் நமது குடும்பங்களுக்குச் சிலவற்றைப் பரிந்துரைக்கிறோம். முதலாவது, பிள்ளை விளையாடும்போது பெற்றோர் சற்று நேரம் அருகில் அமருங்கள். முடிந்தால் உடன் விளையாடுங்கள். என்ன விளையாட்டு, யாரோடு, எத்தகைய பேச்சு என்பது தானாகத் தெரியவரும். இரண்டாவது, எவ்வளவு நேரம் என்பதைப் பிள்ளையோடு கலந்து பேசி முடிவு செய்யுங்கள். அதே எல்லையை உங்கள் கைப்பேசிக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் வையுங்கள். மூன்றாவது, தோற்றவனை எப்படி நடத்துகிறான் என்று கவனியுங்கள். வெற்றி தோல்வியைவிட அதுவே அவன் உள்ளத்தைக் காட்டும். நான்காவது, உரிமம் பெறும் வயது வரும்வரை வண்டிச் சாவியைத் தராதீர்கள். நீங்கள் தலைக்கவசமின்றி வெளியே செல்லாதீர்கள். அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். இளைஞர் இயக்கத்தினர் இதற்கென ஒரு மாதத்தை ஒதுக்கலாம்.

'பாவமா?' என்ற கேள்விக்கு நமது விடை இதுதான். விளையாட்டு கடவுளின் கொடை. அதில் வேகமும் வெற்றியும் குற்றமல்ல. திரையில் அழிந்த காரை மீண்டும் பெறலாம் என்பதைக் கண்டு, தெருவில் அழிந்த உயிரையும் அவ்வாறே எண்ணும் மயக்கம் பிறக்கும்போது விளையாட்டு வினையாகிறது. அந்த மயக்கத்தைப் பெரும்பாலும் பிறப்பிப்பது கருவியன்று. வேகத்தை வீரமென்று புகழ்ந்தும் விதியைக் கோழைத்தனமென்று இகழ்ந்தும் வரும் பெரியவர்களாகிய நமது நடத்தையே. சாஸ்டெயினின் சுவரோட்டத்தைப் பார்த்துக் கைதட்டியது குழந்தைகள் மட்டும் அன்று. பிள்ளைகள் திரையைப் பார்க்கும் நேரம் குறைவு. நம்மைப் பார்க்கும் நேரமே மிகுதி. அவர்கள் நம்மிடம் பார்த்துப் பழகுவது எது என்பதை இந்த ஞாயிறு, கோவில் வாசலில் வண்டியை நிறுத்தும்போது, ஒவ்வொருவரும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.